பெருந்தோட்ட மாளிகையும் அதன் பின்புறமும்: லூசியானாவின் ஓக் அலீ பற்றிய சில குறிப்புகள்

ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்றாகிய லூசியானாவில், நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்து மிசிசிப்பி ஆற்றை எதிர்த்து மேலே செல்லுமிடத்து, அதன் மேற்குக் கரையில் வாஷரி என்னும் சிற்றூர் உள்ளது. இவ்வூர் சென் ஜேம்ஸ் பங்கினுட் படும். ஏனைய மாநிலங்கள் கவுண்டி என வழங்கும் நிருவாகப் பிரிவை லூசியானா மட்டும் இன்றும் பங்கு என்றே வழங்குகிறது. பிரெஞ்சு, ஸ்பானிய கத்தோலிக்க ஆட்சிகள் விட்டுச்சென்ற எச்சம் இது. வாஷரியை அடுத்து ஆற்றங்கரையில் நிற்கும் ஓக் அலீ மாளிகை, தென்னகத்துப் பெருந்தோட்ட வீடுகள் பற்றிய நூல்களிலும் திரைப்படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் மீண்டும் மீண்டும் இடம்பெற்று வந்துள்ளது. ஆற்றிலிருந்து வீட்டு வாயில் வரை இரு வரிசையாக 28 ஓக்கு மரங்கள் ஏறத்தாழ 800 அடி நீளத்திற்குக் கவிந்து நிற்க, அவற்றின் முடிவில் வெண்ணிறத் தூண்கள் சூழ்ந்த மாளிகை தோன்றும். இக்காட்சியின் அழகை மறுப்பது நமது நோக்கமன்று. அவ்வழகு எத்தகைய உற்பத்தி உறவுகளின் மேல் எழுந்தது, அவ்வுறவுகளைக் கட்டடம் எவ்வாறு வெளிப்படுத்துகிறது, எவ்வாறு மறைக்கிறது என்பனவே இங்கு நாம் ஆராய விழைவன.

முதற்கண் நிலத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பிரெஞ்சுக் குடியேற்றக் காலத்தில் இப்பகுதி நிலங்கள் ஆற்றை நோக்கிய ஒடுங்கிய முகப்பும் பின்னோக்கி நீண்டு செல்லும் உடலும் கொண்ட பட்டிகளாகப் பங்கிடப்பட்டன. ஆறே நெடுஞ்சாலை, ஆற்று முகப்பு இல்லாத நிலத்துக்குச் சந்தை இல்லை. ஆண்டுதோறும் வெள்ளம் படிய விட்ட வண்டலால் ஆற்றோரம் சற்றே உயர்ந்தும் வளமிக்கதாகவும் அமைந்தது. பின்னே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து சைப்பிரசு மரச் சதுப்பாக முடியும். ஆகவே ஒவ்வொரு தோட்டமும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்தது: ஆறு, வெள்ளந் தடுக்கும் கரைமேடு, முதலாளியின் வீடு, அதன் பின் பணிக்கட்டடங்கள், அடிமைகளின் குடில் வரிசை, ஆலை, கரும்பு வயல், இறுதியிற் சதுப்புநிலம். ஆற்றிலிருந்து பின்னோக்கி நடப்பவன் தோட்டத்தின் சமூகப் படிநிலையை மேலிருந்து கீழாக இறங்கிச் செல்கிறான் எனலாம்.

இந்நிலத்திற் கரும்பு தலைமைப் பயிரானமைக்கு இரு நிகழ்ச்சிகள் காரணம். 1791இல் தொடங்கிய அடிமைகளின் புரட்சி, உலகின் முதன்மையான சீனிக் குடியேற்றமாக விளங்கிய சென். டொமிங்குவைச் சிதைத்து, 1804இல் ஹெயிட்டி என்னும் சுதந்திர நாட்டைத் தோற்றுவித்தது. அதனால் உலகச் சந்தையிற் சீனிக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. 1795இல் எதியென் த போரே என்பார் நியூ ஓர்லியன்சுக்கு அண்மையிலிருந்த தமது தோட்டத்தில் இலாபந் தரத்தக்க அளவிற் சீனியைப் படிகமாக்கிக் காட்டினார். 1803இல் லூசியானாவை ஐக்கிய அமெரிக்கா விலைக்கு வாங்கியது. ஓரிடத்து அடிமைகள் தம்மை விடுவித்துக் கொண்டமையின் விளைவாகவே மற்றோரிடத்தில் அடிமை முறை விரிவடைந்தது என்பது வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று. 1808இல் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்தல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பின்னர், வேர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து தென்கோடி மாநிலங்களுக்கு அடிமைகளை விற்கும் உள்நாட்டு வாணிகம் பெருகிற்று. அவ்வாறு குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டுப் பெயர்க்கப்பட்டோர் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் என்பர். அவ்வாணிகத்தின் மிகப் பெரிய சந்தை நியூ ஓர்லியன்ஸ் ஆகும்.

லூசியானாவின் காலநிலை கரும்புக்கு முற்றும் உகந்ததன்று. உறைபனி விழுமுன் அறுவடை முடிதல் வேண்டும். அதனால் ஒக்டோபர் முதல் ஆண்டிறுதி வரை நீடித்த ஆலைப் பருவத்தில் வேலை இரவு பகலாக நடந்தது. கொதிக்கும் சாற்றைக் கொப்பரைக்குக் கொப்பரை முகந்து ஊற்றுதலும், உருளைகளுக்கிடையே கரும்பைச் செலுத்துதலும் உயிருக்கு ஊறு விளைக்கும் தொழில்கள். பருத்தி நிலங்களில் அடிமைகளின் தொகை பிறப்பினாற் பெருகியபோது, சீனி நிலங்களில் இறப்பு பிறப்பை விஞ்சியது என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். குறைந்த தொகையை வாணிகம் நிரப்பியது. இந்த உண்மையை மனத்திற் கொண்டே நாம் மாளிகையின் வாயிலை அணுக வேண்டும்.

ஓக் அலீ 1837இல் தொடங்கி 1839இற் கட்டி முடிக்கப்பட்டது. இதன் உரிமையாளர் ஜாக் தெலெஸ்போர் ரோமன். மாநில ஆளுநராக இருமுறை பதவி வகித்த அந்திரே பியன்வெனு ரோமனின் உடன்பிறந்தார். இந்நிலம் 1836இல் அவருடைய மைத்துனரும் பெருஞ்சீனி முதலாளியுமான வல்கூர் ஏம் என்பவரிடமிருந்து கைமாறியது. மனைவி செலினாவின் தந்தையாராகிய ஜோசப் பிலியே கட்டட வரைஞர். மாளிகையின் வடிவமைப்பு அவருக்கே உரியதாகக் கருதப்படுகிறது. சீனி, அரசியல், திருமணம் என்னும் மூன்றாலும் பிணைக்கப்பட்ட ஒரு சிறு வர்க்கம் இது. பொதுவாகத் தென்னகம் என்றதும் மாளிகைகளே நினைவுக்கு வருவதால் இங்கு ஒன்றைக் குறிப்பிடல் தகும். உள்நாட்டுப் போருக்கு முன் அடிமை மாநிலங்களின் வெள்ளைக் குடும்பங்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஓர் அடிமையைத் தானும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை. தூண் மாளிகை தென்னகத்தின் பொது வீடன்று. அதனை ஆண்ட மிகச் சிலரின் வீடு.

வீட்டின் உடலமைப்பு இரு மரபுகளின் கலப்பாகும். பழையது கிறியோல் மரபு. செங்கல் தூண்கள் மீது உயர்த்தப்பட்ட தளம், மரச்சட்டங்களுக்கிடையே சேற்றையும் ஸ்பானியப் பாசி எனப்படும் மரத்தொங்கலையும் பிசைந்து நிரப்பிய சுவர், நான்கு பக்கமும் சரிந்திறங்கும் பெருங்கூரை, அதன் நிழலிற் சுற்றி ஓடும் விறாந்தை ஆகியன அதன் இயல்புகள். அயலிலேயே 1805ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட லோரா தோட்ட வீடு இதற்கு நல்ல சான்று. வெள்ளம், ஈரம், வெப்பம் மூன்றையும் எதிர்கொள்ள மேற்கிந்தியத் தீவுகளின் அனுபவத்திலிருந்து உருவான கட்டட முறை இது; அதனை உருவாக்கிய கைகளிற் பெரும்பாலானவை ஆபிரிக்கக் கைகள். புதியது கிரேக்க மறுமலர்ச்சி மரபு. கிரேக்கர் துருக்கியரை எதிர்த்து 1821இல் விடுதலைப் போர் தொடங்கியதை ஒட்டி அமெரிக்காவெங்கும் கிரேக்கப் பித்துப் பரவியது. வட மாநிலங்களில் அது வங்கிகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் உரிய வடிவமாயிற்று. தெற்கில் தோட்ட முதலாளியின் இல்லத்திற்கு உரியதாயிற்று.

ஓக் அலீயில் இவ்விரு மரபுகளும் பொருந்திய விதம் நுட்பமானது. ஏறத்தாழச் சதுரமான அடித்தளம். முன்வாயிலிலிருந்து பின்வாயில் வரை தடையின்றிச் செல்லும் நடுக்கூடம். அதன் இருமருங்கும் அறைகள். மேல்மாடியிலும் அதே ஒழுங்கு. முன்பின் கதவுகளைத் திறந்துவிட்டால் ஆற்றுக்காற்று மரச்சாலை வழியே வந்து கூடத்தை ஊடுருவிச் செல்லும். சுவர்கள் 16 அங்குலத் தடிப்புடையன. கிரேக்கக் கோயிலுக்குரிய முக்கோண முகப்பு இங்கு இல்லை. அதற்குப் பதிலாக நாற்புறமும் சரியும் கிறியோற் கூரையே நீடிக்கிறது. கூரையின் உச்சியில் ஆற்றையும் வயல்களையும் ஒருங்கே நோக்கத்தக்க ஒரு பார்வை மாடம் உண்டு. விறாந்தையைத் தாங்கிய மெல்லிய மரக்கால்களின் இடத்தை மட்டும் 28 தோரியத் தூண்கள் பிடித்துக்கொண்டன. அவை நாற்புறமும் தனித்து நின்று கூரையைத் தாங்குகின்றன. வெயிலும் மழையும் சுவரை அணுகாவாறு காக்கும் இவ்வமைப்பை வெறும் ஆடம்பரம் எனத் தள்ளிவிட முடியாது. தூண்களின் தொகையும் மரங்களின் தொகையும் ஒன்றாயிருப்பது தற்செயலன்று. ஆயின் மரங்கள் வீட்டுக்கு ஒரு நூற்றாண்டளவு மூத்தவை. முன்னரே நின்ற மரங்களின் கணக்கிற்கேற்ப வீடு அமைக்கப்பட்டது.

இத்தூண்கள் பளிங்கல்ல. தோட்டத்து மண்ணையே குழைத்து, அறுத்து, சூளையிற் சுட்ட செங்கற்களை வட்டமாக அடுக்கி, மேலே சாந்து பூசி வெண்மையாக்கியவை. கல்லே கிடைக்காத வண்டல் நிலத்திற் கிரேக்கக் கோயில் எழுப்ப வேறு வழியில்லை. மண் பிசைந்தோர், கல் சுமந்தோர், சூளை எரித்தோர், சாந்து பூசியோர் ஆகியோரிற் பெரும்பாலோர் அடிமைகளே. அவர்களுள் தேர்ந்த கொத்தரும் தச்சரும் கொல்லரும் இருந்தனர். தென்னகக் கட்டடக்கலை பற்றிய பழைய நூல்கள் உரிமையாளரின் பெயரையும் வரைஞரின் பெயரையும் கூறி அமைந்துவிடுகின்றன. அந்நூல்களை மட்டும் படிப்போர் தூண்கள் தாமாகவே முளைத்தன என்று எண்ண இடமுண்டு.

கிரேக்க வடிவம் தெற்கில் வேறொரு பொருளையும் தாங்கியது. அடிமை முறையை நியாயப்படுத்திய தென்னக எழுத்தாளர், ஏதென்சின் சனநாயகமும் கலையும் அடிமைகளின் உழைப்பின் மீதே தழைத்தன என்று வாதிட்டனர். அவ்வாதத்திற்குச் செங்கல்லால் எழுதப்பட்ட துணையுரையாகத் தூண் முகப்பை வாசிக்கலாம். ஒவ்வொரு முதலாளியும் அவ்வாறு சிந்தித்தே கட்டினான் என்று கூறுவது மிகை. வழக்கில் வந்த பாணியைப் பின்பற்றியோரே பலர். எனினும் ஒரு பாணி ஏன் ஒரு வர்க்கத்துக்கு இத்துணை எளிதிற் பொருந்தியது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

வீட்டினுள் ஒரு பொருள் நமது வாசகரின் சிறப்பான கவனத்துக்குரியது. உணவு மேசைக்கு மேலே கூரையிலிருந்து தொங்கும் அகன்ற பலகை விசிறி அது. கயிற்றால் அதனை இழுத்து அசைத்துக் காற்றூட்டவும் ஈயோட்டவும் ஓர் அடிமைச் சிறுவன் அறையின் மூலையில் நிறுத்தப்படுவான். இக்கருவியை நாம் அறிவோம். ஆங்கிலேயர் இந்தியாவிலும் இலங்கையிலும் பங்கா என வழங்கியது இதுவே. உணவு மேசையிற் பேசப்படும் யாவும் அச்சிறுவன் செவியில் விழும். அவன் அங்கு இல்லாதவனாகவே பாவிக்கப்படுவான். சமையற்கட்டு பிரதான வீட்டிலிருந்து விலகித் தனியே நின்றது. தீயச்சமும் வெப்பமும் அதற்குக் கூறப்படும் காரணங்கள், அவை உண்மையே. ஆயினும் உழைப்பின் ஓசையையும் மணத்தையும் உழைப்போரின் உருவத்தையும் அது விருந்தினரின் பார்வையிலிருந்து அகற்றிற்று என்பதும் உண்மை.

மாளிகையின் நடுக்கூடத்து அச்சு பின்வாயிலோடு முடிவதில்லை. அதே கோடு பின்புறத்தில் அடிமைக் குடில்களின் வரிசைக்கு இட்டுச் செல்கிறது. முன்னே மரங்களின் வரிசை, பின்னே குடில்களின் வரிசை, நடுவே வீடு. ஜோன் மைக்கல் விளாக் 1993இல் வெளியிட்ட நூலில் பெரிய வீட்டின் பின்புறத்தையே ஆய்வின் மையமாக்கினார். முதலாளி நேர்கோடுகளால் அமைத்த நிலக்காட்சிக்குள் அடிமைகள் தமக்கென வேறொரு நிலக்காட்சியை உருவாக்கிக் கொண்டனர் என்பது அவர் காட்டிய முக்கிய உண்மை. குடிலருகே காய்கறிப் பாத்தி, இரவில் அயல் தோட்டங்களுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை, தப்பியோடியோர் பதுங்கிய சதுப்பு ஆகியன எந்த வரைஞரின் தாளிலும் இடம்பெறாதவை. 1811 ஜனவரியில் ஆற்றின் கீழ்ப்புறத்துத் தோட்டங்களிலிருந்து சார்ள்ஸ் டெலோன்ட் என்பவர் தலைமையில் நூற்றுக்கணக்கான அடிமைகள் ஆயுதந் தாங்கி நியூ ஓர்லியன்சை நோக்கி அணிவகுத்தனர். எழுச்சி அடக்கப்பட்டபின், கொல்லப்பட்டோரின் தலைகள் ஆற்றங்கரை நெடுகக் கழிகளில் நாட்டப்பட்டன. அதற்கு 26 ஆண்டுகளின் பின் ஓக் அலீக்கு அடித்தளம் இடப்பட்டபோது அந்நினைவு அழிந்திருக்க நியாயமில்லை. உச்சியிலமைந்த பார்வை மாடத்தை அழகியல் மட்டும் கொண்டு விளக்குவது போதாது என்பது நமது கருத்து.

ஜாக் ரோமன் 1848இல் காசநோயால் இறந்தார். சட்டப்படி அவரது உடைமைகள் அனைத்தும் விலையிட்டுப் பட்டியலிடப்பட்டன. அப்பட்டியலில் தளபாடங்களோடும் கால்நடைகளோடும் மனிதரும் பெயர், வயது, தொழில், விலை ஆகியவற்றுடன் இடம்பெறுகின்றனர். அவர்களுள் ஒருவர் அந்துவான். வயது 38, தோட்டக்காரர், பிக்கான் கொட்டை மரங்களை ஒட்டுவதில் வல்லவர், விலை 1,000 டொலர். பிக்கான் விதையிலிருந்து முளைக்கும் மரம் தாய்மரத்தின் இயல்பைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. நல்ல மரமொன்றின் குணத்தைப் பெருக்க வேண்டுமாயின் ஒட்டு முறையே வழி. அயல் தோட்டத்து மருத்துவர் ஒருவர், மெல்லிய ஓடுடைய காய் தரும் மரத்தின் கிளைகளைக் கொண்டு தாமே முயன்று தோற்றபின் அவற்றை ரோமனிடம் கொடுத்தார். 1846-47 மாரியில் அந்துவான் வீட்டருகே 16 மரங்களை ஒட்டி வெற்றி கண்டார். பின்னர் மேய்ச்சல் நிலத்திலும் தொடர்ந்த இம்முயற்சியால் உள்நாட்டுப் போரின் முடிவில் அத்தகைய மரங்கள் 126 இருந்தன. 1876இல் பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டு விழாப் பொருட்காட்சியில் அம்மரங்களின் காய் பரிசு பெற்று, நூற்றாண்டு என்னும் பொருள்படும் சென்ரெனியல் என்ற பெயரைப் பெற்றது. பிக்கானை வணிகப் பயிராக்கிய வரலாறு இங்கேதான் தொடங்குகிறது. காட்சிக்கு வைத்தவர் அப்போதைய தோட்ட உரிமையாளர். ஒட்டிய மரங்கள் பிற்காலத்திற் கரும்புக்காக வெட்டி அழிக்கப்பட்டன. அந்துவானுக்கோ ஆவணங்களிற் குடும்பப்பெயர் தானும் இல்லை. ஓக் அலீயில் நிகழ்ந்தவற்றுள் உலகிற்குப் பயன்பட்டது எது என்று வினவின், தூண்களை விட்டு இவ்வொட்டு மரங்களையே நாம் சுட்டுவோம்.

சீனித் தொழிலுக்குரிய இன்னொரு பெரும் பங்களிப்பும் இதே மாநிலத்து ஆபிரிக்க வமிசத்தவர் ஒருவருடையது. நியூ ஓர்லியன்சிற் பிறந்து பிரான்சிற் பயின்ற நோர்பேர் ரிலியூ, ஒரு கலத்தின் ஆவியால் அடுத்த கலத்தைச் சூடாக்கிச் சாற்றை வற்றச் செய்யும் வெற்றிட ஆவியாக்கிக்கு 1843இல் காப்புரிமை பெற்றார். அவர் அடிமையல்லர், சுதந்திரர். ஆனால் அவருடைய பொறி தோட்டங்களுக்கு அளித்த இலாபம் அடிமை உடைமையாளரையே சென்றடைந்தது.

அடிமை முறை ஒழிந்த கதையும் நேரானதன்று. 1863 ஜனவரி 1ஆம் திகதி ஜனாதிபதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம், ஏலவே ஒன்றியப் படைகளின் பிடியிலிருந்த லூசியானாப் பங்குகள் சிலவற்றைப் பெயர் குறிப்பிட்டு விலக்கியது. சென் ஜேம்ஸ் அவற்றுள் ஒன்று. ஆகவே ஓக் அலீயின் அடிமைகள் அன்று சட்டப்படி விடுதலை பெறவில்லை. 1864இல் மாநிலம் இயற்றிய புதிய யாப்பே அதனைச் செய்தது. போரினால் நொடித்த தோட்டம் 1866இல் ஏலத்தில் 32,800 டொலருக்கு விலைபோயிற்று. நிலம் உழைத்தோருக்குப் பகிரப்படவில்லை. விடுதலை பெற்றோர் அதே குடில்களில் வசித்து, அதே வயல்களிற் கூலிக்கு உழைத்தனர். கூலியும் பல இடங்களில் தோட்டக் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டுகளாகவே கிடைத்தது. 1887 நவம்பரில் நாளொன்றுக்கு 1.25 டொலரும் பணமாகவே கூலியும் கோரி ஏறத்தாழ 10,000 சீனித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அயற் பங்காகிய லபூர்ஷின் திபோடோ நகரில் ஆயுதந் தாங்கிய வெள்ளையர் முப்பதுக்குக் குறையாத கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்றனர். அதன்பின் பல பத்தாண்டுகள் அப்பகுதியிற் தொழிற்சங்கம் தலைதூக்கவில்லை.

இலங்கை வாசகர் இவ்விடத்து மலையகத்தை நினையாதிருத்தல் அரிது. ஓக் அலீ எழுந்த அதே ஆண்டுகளிலேயே இங்கு கோப்பித் தோட்டங்கள் பெருகின. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்து அங்குக் கோப்பி உற்பத்தி வீழ்ந்தமை இதற்கு ஒரு காரணம். யமேக்காவிற் பயிற்சி பெற்ற ஆர். பி. டைட்லர் 1837இல் அத்தீவின் சாகுபடி முறையை இலங்கைக்குக் கொணர்ந்தார். மேட்டில் துரை பங்களாவும் பள்ளத்தில் லயன் வரிசையுமாக அமைந்த நமது தோட்ட நிலக்காட்சிக்கும் மேலே விவரித்த ஒழுங்குக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படையானது. ஆயினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆய்வு நேர்மையாகாது. கங்காணி முறையில் வந்த தொழிலாளி கடனாலும் சட்டத்தாலும் கட்டுண்டிருந்தான். ஆனால் அவனோ அவன் பிள்ளையோ விலைப்பட்டியலில் ஏறவில்லை. வேறுபாட்டை மறக்காமலே ஒற்றுமையை ஆராய்தல் வேண்டும்.

1925இல் ஸ்டுவேர்ட் தம்பதியினர் சிதைந்து கிடந்த ஓக் அலீயை வாங்கி, ரிச்சட் கொக் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு புதுப்பித்தனர். 1972இல் திருமதி ஸ்டுவேர்ட் இறந்தபின் அது ஓர் அறக்கட்டளையின் கீழ் வந்து, 1974இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. நெடுங்காலம் அங்கு வருவோருக்கு மரங்களும் தூண்களும் தளபாடங்களுமே காட்டப்பட்டன. 1936இல் வெளியான மார்கரட் மிச்செலின் நாவலும் 1939இல் வந்த அதன் திரைப்படமும் பரப்பிய கனவையே பயணிகள் தேடி வந்தனர். வீடும் அதனையே விற்றது. 2013இல்தான் பின்புறத்தில் ஆறு குடில்கள் மீளக் கட்டப்பட்டு, அடிமைகளின் வாழ்க்கை பற்றிய காட்சி திறக்கப்பட்டது. மாளிகை அசல், குடில் நகல் என்னும் நிலை சிந்திக்கத்தக்கது: எது பேணத் தகுந்தது என முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. எட்கார்ட் என்னுமிடத்து எவகிறீன் தோட்டத்தில் மட்டும் 22 அடிமைக் குடில்கள் தம் பழைய இரட்டை வரிசையிலேயே எஞ்சியுள்ளன. கட்டடக்கலை மாணவர்க்கு அவை எந்தத் தூண் வரிசையிலும் குறைந்தனவல்ல. 2014 டிசெம்பரில் நூதனசாலையாகத் திறக்கப்பட்ட விற்னி தோட்டம் முறையையே தலைகீழாக்கியது. அங்கு அடிமைகளின் வாழ்க்கையே மையம். பெரிய வீடு அதன் ஒரு பகுதி மட்டுமே. வரலாற்றாசிரியை குவென்டலின் மிட்லோ ஹோல் பல்லாண்டுகள் ஆவணங்களைத் துருவித் திரட்டிய 107,000 பேரின் பெயர்கள் அங்குக் கற்பலகைகளிற் பொறிக்கப்பட்டுள்ளன.

வைற் காசில் என்னுமூரில் 1859இற் கட்டப்பட்ட 64 அறைகள் கொண்ட நொட்டவே மாளிகை, தென்னகத்தில் எஞ்சியிருந்த இத்தகைய வீடுகளுட் பெரியதாகக் கருதப்பட்டது; விடுதியாகவும் திருமண மண்டபமாகவும் இயங்கி வந்தது. 2025 மே 15இல் அது தீக்கிரையாயிற்று. சிலர் துக்கித்தனர், சிலர் வெளிப்படையாகவே மகிழ்ந்தனர். மகிழ்ந்தோரின் உணர்வை நாம் புரிந்துகொள்கிறோம், ஆயினும் அதில் நாம் பங்குகொள்ள மாட்டோம். எரிந்த கட்டடத்தின் செங்கற்களும் அடிமைக் கைகளின் வேலையே. அக்கைவினைக்கு எஞ்சிய சான்றுகள் மிகச் சில.

ஓக் அலீயைச் சூழ்ந்த நிலத்தில் இன்றும் கரும்பு விளைகிறது. ஆற்றின் இரு கரைகளிலும் பழைய தோட்டப் பட்டிகளை வாங்கிப் பெற்றோலிய இரசாயன ஆலைகள் எழுந்துள்ளன. நீண்ட நிலமும் ஆற்று முகப்பும் அன்று சீனி முதலாளிக்குப் பயன்பட்டது போலவே இன்று ஆலை முதலாளிக்கும் பயன்படுகின்றன. அவ்வாலைகளின் புகையைச் சுவாசிப்போருட் பலர் அக்குடில்களில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள். சென் ஜேம்ஸ் பங்கிற் புதிய ஆலையொன்றை எதிர்த்து 2018 முதல் இயக்கம் நடத்திவரும் ஷரன் லவீன் 2021இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு பெற்றார். அவ்வியக்கத்தினர், ஆலைக்குரிய நிலத்தில் அடிமைகளின் புதைகுழிகள் உள்ளன என்பதையும் தம் வாதங்களுள் ஒன்றாக முன்வைத்துள்ளனர்.